நெடுந்தீவுக்கு ஒரு தண்ணீர்ப் பம்புடன்

ஈஸ்டர் தீவுக்குப் போகவேண்டும் என்ற ஆசை எனக்கு வந்து இருபது வருடம் இருக்கும். இணுவிலில் இருந்து அங்கே போக எத்தனை விமானம் மாறவேண்டும் என்று ஒருநாள் இணையத்தில் தேடிப் பார்த்தேன். ரிக்கெற் விலையை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த மனைவி, "முதல் கைக்கெட்டின தீவைப் போய்ப் பாருங்கோ. மாமி பிறந்த ஊருக்குப் போய் எத்தினை வருசம்?" என்றாள். நான் கணினியை மூடிவிட்டேன். யாழ்ப்பாணம் டவுனில் பல் செட் செய்து பிழைக்கிறவனுக்குப் பசிபிக் சமுத்திரம் கொஞ்சம் தூரம்தான்.

மாமி என்று அவள் சொன்னது என் அம்மாவை. அம்மா நெடுந்தீவில் பிறந்து, கலியாணம் கட்டி இணுவிலுக்கு வந்து, கடைசிக் காலத்தில் ரொறன்ரோவில் அண்ணையோடு இருந்து, இரண்டு வருடத்துக்கு முன் அங்கேயே கண்ணை மூடியவர். அண்ணைக்கு ஐம்பத்தெட்டு வயது, கனடாவில் பார லொறி ஓடுகிறார். அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்குப் பிறகு அவருக்கு ஒரே ஒரு யோசனை. அம்மா சின்ன வயதில் கும்பிட்ட பிள்ளையார் கோயில் முன்றிலில் இருபத்தொரு அடியில் ஒரு பிள்ளையார் சிலை எழுப்பவேண்டும், அதன் அடியில் அம்மாவின் பெயரைக் கல்லில் வெட்டிப் பதிக்கவேண்டும். ஏன் இருபத்தொன்று என்று கேட்டேன். பக்கத்து ஊர்க் கோயிலில் லண்டன்காரர் ஒருவர் வைத்தது பதினெட்டு அடியாம்.

அப்படித்தான் கடந்த ஆவணியில் நாங்கள் இருவரும் நெடுந்தீவுக்குப் போனோம். நான்கு நாட்கள், மூன்று இரவுகள். போக நினைத்திருக்கிறவர்களுக்காக நேரத்தையும் செலவையும் சரியாக எழுதுகிறேன். அங்கே நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். அதில் என் பிழையும் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு இணுவிலில் இருந்து ஓட்டோவில் வெளிக்கிட்டோம். குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றர். ஓட்டோக் கூலி ஐயாயிரத்து ஐந்நூறு ரூபா. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இருந்து பஸ்ஸில் போனால் இருநூறு ரூபாவுக்குள் முடிந்துவிடும். எங்களிடம் பம்ப் இருந்ததால் பஸ் சரிவராது. அண்ணை டவுனில் புதிதாக வாங்கிய மண்ணெண்ணெய்த் தண்ணீர்ப் பம்ப் அது. அதை எங்கள் இருவருக்கும் நடுவில் இருத்தி, அது விழாமல் இருக்க அண்ணை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். புது மாப்பிள்ளை பொம்பிளையைப் பிடித்ததுபோல என்று நான் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை.

ஓட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தான். பண்ணைப் பாலம் தாண்டியதும் கேட்டுவிட்டான்.

"அண்ணை, உந்த மிசின் ஆருக்கு? நெடுந்தீவிலை தோட்டமோ?"

"கோயில் வேலைக்கு," என்றார் அண்ணை.

"அங்கை இறைக்கிறதுக்குத் தண்ணி இருக்கே?"

அண்ணை பம்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேலணை தாண்டி, புங்குடுதீவுக்குள் நுழைந்து, இரண்டு பக்கமும் கடல் தெரியும் தாம்போதிப் பாதையில் போகும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வழியில் பூட்டிக் கிடந்த வீடுகளை எண்ணிக்கொண்டு போனேன். நாற்பதுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த வீடுகளுக்கு நடுவே கோபுரங்கள் மட்டும் புதுப் பெயின்றோடு பளிச்சென்று நின்றன. அழகுதான், பொய் சொல்லக்கூடாது.

ஏழேகாலுக்கு இறங்குதுறை. எட்டு மணிப் படகு. தலைக்கு இருநூறு ரூபா, பம்புக்கு முந்நூறு. கடல் பயணம் ஒரு மணித்தியாலமும் சொச்சமும். காற்றுக் காலத்தில் நேரமும் மாறும், வயிறும் மாறும். காலையில் இட்டலி சாப்பிட்டுவிட்டு ஏறவேண்டாம் என்பது என் சொந்த அனுபவம்.

படகில் அலையாட்டத்தில் இருந்து அண்ணையின் கவனத்தைத் திருப்ப நான் என் ஆசைத் தீவின் கதையைச் சொன்னேன். அந்தத் தீவாரே அதற்கு வைத்திருக்கும் பெயர் ராப்பா நூயி. எங்கள் நெடுந்தீவைவிட மூன்று மடங்கு பெரிது, அவ்வளவுதான். ஆனால் சிலி நாட்டுக் கரைக்கு மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர். அயலட்டை என்று ஒன்றும் இல்லை. பொலினீசியர்கள் பெரிய வள்ளங்களில் வாழையும் வற்றாளைக் கிழங்கும் கோழியும் ஏற்றிக்கொண்டு, நட்சத்திரம் பார்த்து அங்கே போய் இறங்கினார்கள். இறங்கியபோது தீவு முழுக்கப் பனை போன்ற மரங்கள் காடாக நின்றன. சனம் பெருகியது. குலம் குலமாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு குலமும் செத்துப்போன தங்கள் பெரியவர்களுக்குக் கல்லில் சிலை எழுப்பியது. ஆளுயரத்தில் தொடங்கியது, போகப்போக வீட்டுயரம், பிறகு அதற்கும் மேல். இன்றைக்கு எண்ணினால் ஆயிரத்துக்குக் கிட்ட வரும்.

"அவங்களும் எங்கடை ஆக்கள்தான் போலை," என்றார் அண்ணை.

மரங்கள் குறைந்துகொண்டே போயின. தோட்டத்துக்கு வெட்டினார்கள், விறகுக்கு வெட்டினார்கள், சிலையை இழுப்பதற்கு வெட்டினார்கள் என்றும் சிலர் சொல்வார்கள். வள்ளத்தில் கூடவே வந்த எலிகள் கொட்டைகளைத் தின்றதால் புதுக் கன்று முளைக்கவில்லை. கடைசியில் மரமே இல்லை. மரம் இல்லாவிட்டால் பெரிய வள்ளம் இல்லை, ஆழ்கடல் மீன் இல்லை, மண்ணைப் பிடிக்க வேர் இல்லை. தங்களைத் தாங்களே அழித்துக்கொண்டார்கள் என்று பழைய புத்தகங்கள் முடித்துவிடும். பிறகு வந்த ஆய்வாளர்கள் அப்படி இல்லை என்கிறார்கள். அந்தச் சனம் தோட்டம் முழுக்கக் கல்லைப் பரப்பி ஈரத்தைக் காப்பாற்றித் தாக்குப்பிடித்தது, அவர்களை உண்மையில் முறித்தது வெளியில் இருந்து கப்பலில் வந்த நோயும் ஆள்பிடிகாரரும்தான் என்பது அவர்கள் பக்கம். நான் இரண்டாவது கட்சி. தன்னை அழித்துக்கொண்ட முட்டாள் சனம் என்று எந்தச் சனத்தைப் பற்றிச் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

"இப்ப நீ என்ன சொல்ல வாறாய்? சிலை வைக்க வேண்டாம் எண்டோ?"

"சும்மா ஒரு கதைதான் அண்ணை."

உண்மையாகவே சும்மாதான் சொன்னேன். அந்தக் கதைக்கும் எங்கள் காலடியில் கிடந்த பம்புக்கும் ஒரு சம்பந்தம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புத்தகம் படிக்கிறவர்களின் மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

ஒன்பதேகாலுக்கு நெடுந்தீவு. முதன்முறை போகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது வேலிகள். மற்ற ஊர்களில் கிடுகும் பனையோலையும் தகரமும் வேலி, இங்கே பவளக் கல்லைச் சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். காற்று அதற்குள்ளால் போய் வரும், வேலி விழாது. தரை தட்டை, கல்லு, வெளுத்த புல்லு. தூரத்தில் கட்டாக்காலிக் குதிரைகள். நெடுந்தீவு வெயிலுக்குக் குடை போதாது, தொப்பியும் வேண்டும்.

எங்களைக் கூட்டிப்போக ராணி மச்சாள் இறங்குதுறைக்கே வந்திருந்தார். அம்மாவின் அண்ணருடைய மகள். ஐம்பத்தைந்து வயது, புருசன் இல்லை, நான்கு மாடுகள், ஒரு மகள் வவுனியாவில். அண்ணையைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்த கையாலேயே பம்பைத் தட்டிப் பார்த்தார்.

"மச்சான் கனடாவிலை இருந்து சொக்கிலேற் கொண்டருவார் எண்டு பாத்தன். இரும்பு கொண்டு வந்திருக்கிறார்."

அம்மாவின் ஊரின் பெயரை எழுதவில்லை, அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள். கோயிலுக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. பதினொரு குடும்பத்துக்கு அதுதான் குடிதண்ணீர். குழாய்த் தண்ணீர் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. கிணறு ஆழமில்லை, எட்டிப் பார்த்தால் அடிக் கல்லுத் தெரியும். ஆனால் அந்தக் கிணற்றில் அள்ளுவதற்கு ஒரு முறை உண்டு. கிணற்றுக்கு என்று ஒரேயொரு கயிறு. அந்தக் கயிற்றில் ஓரிடத்தில் சிவப்புத் துணி சுற்றி ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். முடிச்சுக் கப்பிக்கு வந்தும் வாளி தண்ணீரைத் தொடாவிட்டால், அன்றைக்குக் கிணறு பூட்டு. கிடுகால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் விடிய ஊறியிருக்கும். சொந்தக் கயிறு கொண்டுவந்து அள்ள ஒருவருக்கும் உரிமை இல்லை. கயிறு ஒரு வீட்டில்தான் இருக்கும், இப்போது ராணி மச்சாள் வீட்டில்.

எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. ஏன் அப்படி என்று மச்சாளிடம் கேட்டேன்.

"மழை தந்த நல்ல தண்ணி மேலை மிதக்குது, கீழை கடல் தண்ணி. பாலிலை ஆடை மாதிரி எண்டு வையுமன். ஆடையை மெல்ல எடுக்கலாம். உள்ளை கைவிட்டுக் கலக்கினா ரெண்டும் ஒண்டாப் போம்."

கோயிலில் மேசன் சிவபாலன் காத்துக்கொண்டிருந்தார். சண்டிலிப்பாய் ஆள், சிலை வேலையில் கெட்டிக்காரர். அத்திவாரக் கிடங்கு வெட்டி, கம்பி கட்டி, சீமெந்து மூட்டைகளைத் தறப்பாளால் மூடி, இரண்டு வெறும் தண்ணீர்த் தாங்கிகளையும் கொண்டுவந்து வைத்திருந்தார். தண்ணீர் ஒன்றுதான் குறை. நாலாயிரம் லீற்றர் வேண்டும் என்றார்.

"கிட்டத்திலை கடற்கரைப் பக்கம் ஒரு கிணறு கிடக்கே, அந்தத் தண்ணி காணாதோ?" என்று கேட்டேன்.

"அது உவர் அண்ணை. உவர்த் தண்ணியிலை கொங்கிறீற் போட்டா உள்ளை கம்பி கறள் கட்டும். அஞ்சு வருசத்திலை பிள்ளையார் வெடிச்சுப் போவார். நல்ல தண்ணிதான் வேணும்."

அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர் இருந்தது ஒரு இடத்தில்தான். முடிச்சுக் கயிற்றால் அள்ளினால், ஊர்ச் சனம் குடிப்பதும் போக, நாலாயிரம் லீற்றருக்கு மூன்று கிழமை எடுக்கும். அண்ணையின் விமானம் பன்னிரண்டாம் நாள். அதற்குத்தான் பம்ப்.

அங்கே நின்ற எல்லாரும் ராணி மச்சாளைப் பார்த்தார்கள். கயிறு அவர் கையில். அவர் கொஞ்ச நேரம் கிணற்றைப் பார்த்தார், பிறகு அண்ணையைப் பார்த்தார். அண்ணையின் முகத்தில் அம்மாவின் சாடை அப்படியே இருக்கும்.

"மாமியின்ரை பேரிலை நடக்கிற காரியம். ஒரு நாள்தானே? கிணறு பொறுக்கும்."

மத்தியானம் ஒன்றேகாலுக்குப் பம்பைக் கிணற்றுக் கட்டில் வைத்துக் குழாயை இறக்கினோம். பம்பின் குழாய்க்கு முடிச்சு இல்லை. அது நேரே அடிக் கல்லில் போய் உட்கார்ந்தது. அண்ணைக்கு முழங்கை நோ, ஆகவே கயிற்றைச் சுண்டி இழுத்து மிசினைக் கிளப்பியது நான். இரண்டாம் இழுவையில் பிடித்துக்கொண்டது. ராப்பா நூயியின் கடைசி மரத்தை வெட்டியவன் என்ன நினைத்திருப்பான் என்று இருபது வருடமாக யோசித்துக்கொண்டிருந்தவன் நான். எனக்குத் தெரியும் இப்போது. மிசின் கிளம்பிவிட்டதே என்று சந்தோசப்பட்டிருப்பான்.

மிசினை மேசனிடம் விட்டுவிட்டு ஊர் பார்க்கப் போனோம். தீவைச் சுற்றிக் காட்ட ஓட்டோ நாலாயிரம் ரூபா, மூன்று மணித்தியாலம். பெருக்கு மரத்தை, அதாவது பாவோபாப்பை, கட்டாயம் பாருங்கள். அதன் அடிமரத்துப் பொந்துக்குள் நான் முழுசாக நிற்கலாம், அண்ணை வயிற்றை உள்ளிழுத்தால் அவரும் நிற்கலாம். இடிந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு மாலை வெயில் நல்லது. குதிரைகளுக்குக் கிட்டப் போகாதீர்கள், உதைக்கும். வெளியில் ஒரு குட்டைக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து குதிரை நின்றன, தண்ணீர் வற்றி ஈரச் சேறு மட்டும் இருந்தது. அம்மா சின்ன வயதில் இந்தக் குதிரைகளுக்குப் பெயர் வைத்துத் திரிந்தவராம், அண்ணை சொன்னார். அப்போது அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். அன்றைய பின்னேரம் எங்கள் இருவருக்கும் நல்லதாகப் போனது, பல வருடத்துக்குப் பிறகு.

நாலரைக்குத் திரும்பினோம். இரண்டாயிரம் லீற்றர்த் தாங்கி இரண்டும் நிறைந்திருந்தன. மிசினை நிறுத்திவிட்டார்கள். ராணி மச்சாள் மட்டும் கிணற்றுக் கட்டில் குந்தி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தபோது தண்ணீர் இல்லை, அடியில் வெறும் கல்லுத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குத் தேத்தண்ணி வந்தது. மச்சாள் கோப்பையை அண்ணையின் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார். பால் திரைந்து பூப்பூவாக மேலே நின்றது. அண்ணை ஒரு மிடறு குடித்தார். வாயில் வைத்திருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

"விடியக் கயிறு விட்டனான்," என்றார் மச்சாள். "தண்ணி வந்திருக்கு. நிறைய வந்திருக்கு. கடல்தான் வந்திருக்கு."

பிறகு அடுப்படி வாசலில் இருந்துகொண்டு சத்தமில்லாமல் அழுதார். மகள் கிழமைக்குக் கிழமை வவுனியாவுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறாளாம். இந்தத் தண்ணீர் இருப்பதால்தான் மாடுகளும் தானும் இங்கே நிற்க முடிந்தது என்றார். "இனி மாட்டை வித்துப்போட்டு அவளிட்டைப் போறதுதான். ஆரையும் குறை சொல்லேலாது. கயிறு என்ரை கையிலைதானே இருந்தது. நான்தானே ஓம் எண்டனான்."

எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் நல்லது என்று இருந்தது. ராப்பா நூயியில் ஆறு இல்லை. கடற்கரையில் கல்லுக்குள்ளால் கசியும் அரைவாசி உவர்த் தண்ணீரை அந்தச் சனம் குடித்திருக்கிறது என்று படித்திருக்கிறேன். படித்தபோது சுவாரசியமான தகவலாக இருந்தது. மச்சாளின் தேத்தண்ணியை நானும் ஒரு மிடறு குடித்தேன். அது தகவல் இல்லை.

ஒன்பது மணிக்கு மேசன் வந்து தாங்கிகளைத் திறந்து நக்கிப் பார்த்தார். இரண்டாவது தாங்கி உவர். முதலில் இறைத்த தாங்கி நல்ல தண்ணீர், குறையில்லை. அத்திவாரத்துக்கும் பீடத்துக்கும் அதுவே போதும், மேல் வேலைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்குள் ஊர் கூடிவிட்டது. அண்ணையை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். எல்லாரும் அவருக்காக இரங்கினார்கள். கோயில் பொறுப்பாளர் ஒருவர் சொன்னார்:

"உவர்த்தது உவர்த்துப் போச்சு, தம்பி. இருக்கிற நல்ல தண்ணியிலை பீடத்தைப் போட்டிடுவம். இல்லாட்டித் தண்ணியும் இல்லை, பிள்ளையாரும் இல்லை எண்டு ஆயிடும்."

கேட்க எவ்வளவு நியாயமாக இருந்தது. பலர் ஓம் என்றார்கள். மேசனின் ஆட்கள் சீமெந்து மூட்டையைப் பிரித்துவிட்டார்கள். நானும் உள்ளுக்குள்ளே ஓம் என்றுதான் நினைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒரு சனம் மிச்சமிருக்கும் கடைசி நல்லதையும் சிலைக்குக் கொடுப்பது பைத்தியத்தால் அல்ல என்று எனக்கு அன்று விளங்கியது. இவ்வளவு இழந்தபிறகு வெறும் கையோடு நிற்க ஒருவருக்கும் மனம் வராது. அன்போடுதான் கொடுப்பார்கள். அடுத்தவருடைய மனம் நோகக்கூடாது என்று கொடுப்பார்கள்.

அண்ணை மச்சாளிடம் கேட்டார்.

"நீர் என்ன சொல்லுறீர்?"

"என்னைக் கேளாதேங்கோ மச்சான். நேற்றுச் சொன்னது காணும்."

அண்ணை கிடங்குக்குப் பக்கத்தில் போய், மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு என்று அவர் இரவு பகலாக லொறி ஓடிச் சேர்த்தது அந்தக் கிடங்கில் நிற்கிறது. மாதக்கணக்காக அவர் என்னோடு தொலைபேசியில் கதைத்தது இதைத் தவிர வேறொன்றும் இல்லை. திரும்பி வந்து மேசனிடம், "மூட்டையைக் கட்டு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, குடம் ஒண்டு எடு," என்றார்.

அன்று முழுக்க நாங்கள் தண்ணீர் காவினோம். நல்ல தண்ணீர்த் தாங்கியில் இருந்து பதினொரு வீட்டுக்கும், குடம் குடமாக. ஒரு வீட்டுக்கு நூற்றெண்பது லீற்றர் அளவில். குடிக்கவும் சமைக்கவும் மட்டும். உவர்த் தாங்கித் தண்ணீர் மாடுகளைக் கழுவ. முதல் மூன்று வீட்டில் வேண்டாம், கோயில் வேலைக்கு வையுங்கோ என்று மறித்தார்கள். அண்ணை வாசலிலேயே குடத்தை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். முழங்கை நோ என்று மிசின் இழுக்காதவர் அன்று எத்தனை குடம் தூக்கினார் என்று எனக்குத் தெரியாது. நான் இருபதில் களைத்துவிட்டேன்.

கிணற்றைக் கிடுகால் மூடினோம். வெள்ளியும் சனியும் ஒருவரும் திறக்கவில்லை. சனிக்கிழமை அண்ணையும் நானும் மேசனுமாகக் கம்பியைக் கழற்றிக் கிடங்கை மண்ணால் நிரப்பினோம். மேசன் கூலியைக் குறைத்துத்தான் வாங்கினார், வற்புறுத்தியும் கூட்டவில்லை.

ஞாயிறு காலை, எங்கள் படகுக்கு முன், மச்சாள் கயிற்றோடு வந்தார். கிடுகை விலக்கி வாளியை மெல்ல இறக்கினார். முடிச்சுக் கப்பிக்கு வருவதற்கு முன்பே வாளி தொட்டது. உள்ளங்கையில் ஊற்றி நக்கினார்.

"உப்புத்தான்," என்றார். பிறகு இன்னொரு தரம் நக்கினார். "வெள்ளிக்கிழமை மாதிரி இல்லை. கிடக்கட்டும், தொடாமல் விடுவம். மாரி மட்டும் நான் நிண்டு பாக்கிறன். மாரிக்கும் சரிவராட்டி வவுனியாதான்."

அண்ணை சிலைக்கு என்று வைத்திருந்த காசில், மாரி வரைக்கும் தீவின் மேற்குப் பக்கத்தில் இருந்து கிழமைக்கு இரண்டு தரம் பீப்பாயில் தண்ணீர் ஏற்றிவர ஒழுங்கு செய்துவிட்டு விமானம் ஏறினார். பம்பை மேசனே ஒரு விலைக்கு எடுத்துக்கொண்டு போனார். சண்டிலிப்பாயில் மிளகாய்க் கன்றுக்கு இறைக்கிறது என்று கேள்வி.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. கச்சான் காற்றுக்கும் மாரிக்கும் நடுவில் போவதைவிட, மாசி, பங்குனியில் போங்கள். கடலும் ஒத்துழைக்கும், புல்லும் பச்சையாக இருக்கும். குறிகட்டுவானுக்கு ஏழரைக்கு முன் போய்விடுங்கள். பின்னேரக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள். தங்குவதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அறைகள் குறைவு. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் குடிதண்ணீர் பெருநிலத்தில் இருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். குளிப்பை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். நேர்த்திக்கடன், நன்கொடை என்று எதையாவது அங்கே எழுப்புகிற யோசனை இருந்தால், அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், அது எந்தக் கிணற்றில் இருந்து வரும் என்று முதலில் கேளுங்கள். உங்கள் முகத்துக்காக ஓம் சொல்லக்கூடியவரிடம் கேட்காதீர்கள். அவர் ஓம் சொல்லிவிடுவார்.

நல்ல மாரி பெய்தது. தைப்பொங்கல் கழிந்த கிழமை நான் மட்டும் மறுபடி போனேன். ராணி மச்சாள் நின்றார், நான்கு மாடும் நின்றன. விடியக் காலை கிணற்றடியில் நின்று அண்ணைக்கு வீடியோக் கோல் எடுத்தேன். ரொறன்ரோவில் முதல் நாள் இரவு எட்டரை. அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத் திரைக்குக் கிட்ட வந்தார். மச்சாள் அள்ளிய தண்ணீரை ஒரு செம்பில் தந்தார். அண்ணை பார்த்துக்கொண்டிருக்க, அண்ணாந்து முழுக்கக் குடித்தேன்.

"என்ன மாதிரி?"

தேன் மாதிரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த மனுசன் ஐந்து மாதமாக அதைக் கேட்கத்தான் காத்திருந்தார். ஆனால் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"குடிக்கலாம் அண்ணை. இன்னும் கொஞ்சம் உப்பு இருக்கு."

அவர் தள்ளி வைத்த கோப்பையைத் திரும்பக் கிட்ட இழுத்தார். பிறகு, "மச்சாளிட்டைச் சொல்லு, வாற ஆவணியிலை நானே வந்து குடிச்சுப் பாக்கிறன் எண்டு," என்றார்.

மச்சாள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே திரைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆவணியிலை வேண்டாம் மச்சான். இன்னொரு மாரி போகட்டும். நான் இஞ்சைதான் நிப்பன். தையிலை வாங்கோ."

அண்ணை ஓம் என்றார்.